தாளும் தரமும்

– இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (புள்ளியியல்)

தேர்வு எழுதுவது மாணவர்களாகிய நாம் மட்டுந்தானா? இல்லை, நண்பர்களே! உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் இரும்புத் துண்டும் தேர்வு எழுதுகின்றது. நமக்கு ஒரு பருவத்திற்கு ஐந்தாறு தாள்கள் என்றால் அதற்குப் பதினெட்டு. நாம் நூற்றுக்கு நாற்பது பெற்றால் தேறிவிடலாம். அந்த இரும்புத் துண்டோ தனக்குரிய தாள்களில் ஒன்றே ஒன்று குறைந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பப்படலாம்.

நான் குறிப்பிடுவது மோட்டார் வாகன உதிரிபாகங்களுக்கு ஒப்புதல் பெறும் முறையை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதனைப் ‘பி.பி.ஏ.பி.’ என்பர். உற்பத்திப் பாக ஒப்புதல் முறை என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். காரிலோ லாரியிலோ இடம்பெறும் ஒரு புஷ், ஒரு போல்ட், ஒரு பின் ஆகிய எதுவும் இந்த வாயிலைக் கடக்காமல் வண்டியில் ஏற முடியாது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் உள்ள எண்ணற்ற சிறு பட்டறைகளின் அடுப்பு எரிவதும் அணைவதும் இந்த ஒப்புதலைப் பொறுத்தே இருக்கின்றது.

“பொருள் நன்றாயிருந்தால் போதாதா? இத்தனை காகிதம் எதற்கு?” என்று கேட்போர் ஒருபுறம். “காகிதம் சரியாயிருந்தால் போதும், கேட்பதை நிரப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்” என்போர் மறுபுறம். இவ்விரு சாராரும் தவறு செய்கின்றனர் என்பதே என் கருத்து. தாள் வேண்டும், ஆனால் பாகத்தைச் செய்யும் கை அறியாமல் எழுதப்படும் தாள் வேண்டாம். இதனைச் சற்று விளக்கிச் சொல்ல விழைகின்றேன்.

பதினெட்டும் எவை?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1982-ஆம் ஆண்டு மோட்டார் தொழில் செயற்குழு என்னும் அமைப்பு தோன்றியது. அதற்கு முன் ஒவ்வொரு கார் நிறுவனமும் தன் போக்கில் ஒவ்வொரு படிவம் கேட்டு வந்தது. ஒரே பட்டறை மூன்று நிறுவனங்களுக்குப் பாகம் கொடுத்தால் மூன்று விதமாக எழுத வேண்டும். இந்தத் தொல்லையைக் குறைக்கக் கிரைஸ்லர், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய மூன்றும் ஒன்றுகூடின. 1993-இல் பாக ஒப்புதலுக்கான பொதுக் கையேடு வெளிவந்தது. அதன் நான்காம் பதிப்பு 2006-இல் வந்தது. அப்பதிப்பு கூறும் பதினெட்டுத் தேவைகளே நான் சொன்ன பதினெட்டுத் தாள்கள்.

அவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்பவை சில: டிராயிங், அதில் பின்னர் செய்யப்பட்ட மாற்றங்களுக்கான ஆவணம், வாடிக்கையாளரின் பொறியியல் ஒப்புதல். எப்படிச் செய்யப் போகிறோம், எங்கே தவறு நேரக்கூடும் என்பதைச் சொல்பவை சில: வேலை நடைபெறும் வரிசை, வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் நேரக்கூடிய பழுதுகளின் பட்டியல், அவற்றைத் தடுக்கும் கண்ட்ரோல் பிளான். செய்தது சரிதானா என்பதை மெய்ப்பிப்பவை சில: அளவுக் கருவிகளின் நம்பகத்தை ஆராய்தல், அளவீட்டு முடிவுகள், உலோகச் சோதனை, தொடக்க உற்பத்தியின் புள்ளியியல் ஆய்வு, சோதனைக்கூடத்தின் தகுதிச் சான்று, தோற்ற ஒப்புதல். பிறகு மாதிரிப் பாகங்கள், பாதுகாத்து வைக்கும் மூல மாதிரி, சரிபார்க்கும் கருவிகள். பதினேழாவது, அந்த வாடிக்கையாளருக்கே உரிய தனித் தேவைகள். பதினெட்டாவது, “இவை யாவும் உண்மை” என்று பொறுப்பாளர் கையொப்பமிடும் உறுதித் தாள்.

இவற்றை எவ்வளவு சமர்ப்பிப்பது என்பதிலும் ஐந்து நிலைகள் உண்டு. முதல் நிலையில் உறுதித் தாள் மட்டும் போதும். இரண்டாவதில் மாதிரியும் சில விவரங்களும். மூன்றாவதில் மாதிரியும் எல்லா விவரங்களும். வேறு ஏதும் சொல்லப்படாதபோது இதுவே வழக்கம். நான்காவதில் வாடிக்கையாளர் எதைக் கேட்கிறாரோ அது. ஐந்தாவதில் அவரே பட்டறைக்கு நேரில் வந்து பார்ப்பார்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. மாதிரியைத் தனியே உட்கார்ந்து, பொறுக்கி எடுத்து, மெருகேற்றி அனுப்பக் கூடாது. நாளை எந்த எந்திரத்தில், எந்த டூலில், எந்த ஆள் கொண்டு, எந்த வேகத்தில் உற்பத்தி செய்யப் போகிறோமோ, அப்படியே ஒரு மணி முதல் எட்டு மணி நேரம் வரை ஓட்ட வேண்டும். வாடிக்கையாளர் வேறு எண்ணிக்கை சொன்னாலன்றி, தொடர்ந்து வெளிவரும் பாகங்கள் குறைந்தது 300 இருக்க வேண்டும். அந்தக் குவியலிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். தேர்வுக்கு முதல்நாள் இரவு மட்டும் விழித்துப் படிப்பவனை இம்முறை ஏற்றுக்கொள்வதில்லை. ஆண்டு முழுதும் எப்படி இருக்கிறான் என்றே கேட்கிறது!

கணக்கு காட்டும் வழி

புள்ளியியல் படிப்போர் பலரிடம் “படித்து என்ன வேலைக்குப் போவாய்?” என்று ஊரார் கேட்பதுண்டு. அவர்களுக்காக ஒரு சிறு கணக்கு.

ஒரு தண்டின் விட்டம் 12.00 மில்லிமீட்டர், கூடவோ குறையவோ 0.03 வரை இருக்கலாம் என்று டிராயிங் சொல்வதாகக் கொள்வோம். நூறு தண்டுகளை அளக்கின்றோம். சராசரி 12.006. திட்ட விலக்கம் 0.005. எல்லாத் தண்டுகளும் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன, ஒன்றுகூடக் கழிவில்லை. பட்டறைக்காரர் மகிழ்ச்சியோடு அனுப்புகிறார். ஆனால் கையேடு கேட்பது வேறு. சராசரியிலிருந்து அருகிலுள்ள எல்லை வரை உள்ள தூரத்தைத் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கால் வகுக்கச் சொல்கிறது. 12.030-இலிருந்து 12.006-ஐக் கழித்தால் 0.024. அதை 0.015-ஆல் வகுத்தால் 1.6. கையேட்டின்படி 1.67-க்கு மேல் வந்தால் ஏற்பு. 1.33-க்கும் 1.67-க்கும் இடையில் வந்தால் வாடிக்கையாளரின் முடிவுக்கு விட வேண்டும். 1.33-க்குக் கீழே போனால் ஏற்பில்லை.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். எந்திரத்தை மாற்ற வேண்டாம்; ஆளை மாற்ற வேண்டாம். அளவை ஆறு மைக்ரான் குறைத்து சராசரியைச் சரியாக 12.000-இல் நிறுத்துவோம். 0.030-ஐ 0.015-ஆல் வகுத்தால் 2.0! ஆறு மைக்ரான் என்பது நம் தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்கைவிட அதிகமிராது. அந்த அளவுக்கு ஆஃப்செட்டை மாற்றியதும் ஐயத்தில் நின்ற பாகம் எல்லையைத் தாண்டித் தேர்ச்சி பெறுகின்றது.

சராசரி ஏன் கூடுதல் பக்கமே சாய்ந்திருந்தது? இதற்கு விடை நூலகத்தில் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. என் தந்தையார் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் டர்னராகப் பணியாற்றுபவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். “வெட்டிட்டா ஒட்ட முடியாதுப்பா. அதான் பிளஸ்ல வெச்சு ஓட்டுறது” என்றார். பெரிதாக இருந்தால் மறுபடி கடைந்து சரிசெய்யலாம், சிறிதாகிவிட்டால் கழிவுதான். தலைமுறை தலைமுறையாக லேத்தில் நிற்பவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: “டூல் தேயத் தேய வெளி விட்டம் ஏறிக்கிட்டே வரும்.” அப்படியானால் கூடுதல் பக்கம் வைத்துத் தொடங்குவது ஆபத்தை நோக்கிச் செல்லும் பாதையல்லவா? மெல்லிய குறைவுப் பக்கம் தொடங்கினால் டூல் தேயும்போது அது தானாக நடுவுக்கு வரும். இதை அவரிடம் சொன்னபோது சற்று யோசித்துவிட்டு, “அப்ப இத்தனை பீஸுக்கு ஒருக்கா ஆஃப்செட் பார்க்கணும்னு எழுதி வெச்சாப் போதுமே” என்றார். கண்ட்ரோல் பிளான் என்பது இதுதான்! ஆங்கிலத்தில் ஒருவரிகூடப் படிக்காமல் அதன் உயிர்நாடியை அவர் சொல்லிவிட்டார்.

1924-இல் அமெரிக்காவில் வால்ட்டர் ஷூஹார்ட் என்னும் அறிஞர் முதன்முதலாகக் கட்டுப்பாட்டு வரைபடம் ஒன்றைத் தீட்டினார். 1947-48-இல் பேராசிரியர் மகலனோபிஸ் அவர்களின் அழைப்பை ஏற்று அவர் இந்தியாவிற்கும் வந்து சென்றார். அவர் தந்த கல்வியும் என் தந்தையார் போன்றோரின் கைப்பழக்கமும் ஒரே மேசையில் சந்திக்கும் இடமே இந்த ஒப்புதல் ஆவணம். சந்திக்கவிடாமல் தடுப்பது எது என்பதே என் கேள்வி.

எண் மாறாத பாகம்

“தாளில் என்ன இருக்கிறது?” என்று இகழ்வோர் அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அறிந்துகொள்ள வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவ்ரலே கோபால்ட், சாட்டர்ன் அயன் முதலிய கார்களில் சாவி போட்டுத் திருப்பும் சுவிட்சை டெல்ஃபை என்னும் நிறுவனம் செய்து கொடுத்தது. அந்தச் சுவிட்சைத் திருப்ப இவ்வளவு விசை வேண்டும் என்று அளவு வகுக்கப்பட்டிருந்தது. செய்து வந்த சுவிட்ச் அந்த அளவுக்குக் கீழே இருந்தது. இருந்தும் 2002-இல் அதற்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. விளைவு என்ன? சாவிக்கொத்தின் பாரமோ முழங்கால் இடியோ போதும்; ஓடும் காரில் சாவி தானாகத் திரும்பிவிடும். எஞ்சின் நிற்கும். ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைத்து வந்த துணைவிசை போகும். மோதல் நேரும்போது காற்றுப்பை விரியாது.

2006-இல் அந்தச் சுவிட்சின் உட்பாகத்தை மாற்றி வலுவாக்கினார்கள். நல்ல காரியந்தானே என்கிறீர்களா? மாற்றினார்கள், ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை! பழைய சுவிட்சுக்கும் புதிய சுவிட்சுக்கும் ஒரே எண். விபத்துகளை ஆராய்ந்தவர்கள், சில ஆண்டுகளின் கார்களில் மட்டும் குறை இருப்பதும் பின்னர் வந்தவற்றில் இல்லாதிருப்பதும் ஏன் என்று புரியாமல் ஆண்டுக்கணக்கில் திகைத்தனர். உயிரிழந்த ஒரு பெண்ணின் குடும்பத்தார் தொடுத்த வழக்கில் இரு சுவிட்சுகளையும் பிரித்து ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. 2014-இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கு இச்சுவிட்சே காரணம் என ஏற்றுக்கொண்டது. 2015-இல் அந்நிறுவனம் 90 கோடி டாலர் செலுத்த உடன்பட்டது.

பதினெட்டுத் தேவைகளுள் இரண்டாவது எது என்று நினைவிருக்கிறதா? டிராயிங்கில் செய்த மாற்றத்திற்கான ஆவணம். ஒரு தாளில் ஓர் எண்ணை மாற்றி எழுதியிருந்தால் குறை சில ஆண்டுகள் முன்னரே வெளிப்பட்டிருக்கும். சில உயிர்களேனும் பிழைத்திருக்கும். ஆவணம் உயிரற்ற காகிதமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பதினேழாவது தாள்

இனி, சிறு பட்டறைகளை வாட்டும் பதினேழாவது தாளுக்கு வருவோம். பொதுக் கையேடு ஒன்று இருந்தாலும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனக்கென்று சில தேவைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள்.

ஃபோர்டு நிறுவனத்தார் பாதுகாப்பைப் பாதிக்கும் அளவுகளுக்குத் தலைகீழ் முக்கோணம் இடுவர். கிரைஸ்லர் வழியில் கேடயமும் வைரமும் குறிகளாக வரும். ஜெர்மானியர்களுக்கு வி.டி.ஏ. என்னும் சங்கத்தின் தனி நூல்வரிசை உண்டு. பாக ஒப்புதலுக்கு அதன் இரண்டாம் தொகுதி. பழுதுகளின் பட்டியலில் கடுமை, நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு மூன்றையும் பெருக்குவது பழைய வழக்கம். 2019-இல் அமெரிக்கச் செயற்குழுவும் ஜெர்மன் சங்கமும் கூட்டாக வெளியிட்ட நூல் அந்தப் பெருக்கலைக் கைவிட்டு, எதை முதலில் கவனிப்பது என்று காட்டும் அட்டவணையைக் கொடுத்தது. ஆயினும் பழைய பெருக்கல் கேட்கும் வாடிக்கையாளரும் இருக்கின்றனர். புதிய அட்டவணை கேட்போரும் இருக்கின்றனர்.

பாகத்தில் என்னென்ன பொருள்கள் எவ்வளவு உள்ளன என்று பன்னாட்டுத் தரவகம் ஒன்றில் பதிய வேண்டும் என்பதும் இன்னொரு தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டில் இயற்றிய பழைய வாகனங்களுக்கான சட்டமே இதற்குத் தூண்டுகோல். காரீயம், பாதரசம், காட்மியம், ஆறிணைதிறக் குரோமியம் ஆகியவற்றை அது கட்டுப்படுத்துகிறது. போல்ட்டுகளுக்கு மஞ்சள் முலாம் பூசி வந்தவர்கள் குரோமியத்தின் வகையையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது இதனால்தான். இங்கும் தாளுக்குப் பின்னே மண்ணும் நீரும் மனித உடலும் இருக்கின்றன.

ஆகவே தனித் தேவைகள் எல்லாம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவை சிறு பட்டறைக்கு வந்து சேரும் விதத்தைப் பாருங்கள். கார் நிறுவனம் தன் தேவைகளை வெளியிடுகிறது. அதனிடம் நேரடியாகப் பாகம் விற்கும் பெரிய நிறுவனம் தன் பங்குக்குச் சில சேர்க்கிறது. அதற்கு விற்கும் நடுத்தர நிறுவனம் மேலும் சில. மூன்றாம் படியில் நிற்கும் பட்டறைக்கு அவை துண்டு துண்டாக, பெரும்பாலும் மாதிரி அனுப்பிய பிறகே வந்து சேர்கின்றன.

என் தந்தையார் பணியாற்றும் பட்டறையில் ஒரு புஷ்ஷுக்கான கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு வாடிக்கையாளர். முதல் முறை, டிராயிங்கில் ஒவ்வோர் அளவையும் வட்டமிட்டு எண்ணிடவில்லை என்றார்கள். இரண்டாம் முறை, பிளக் கேஜின் கேலிப்ரேஷன் சான்று காலாவதியாகிவிட்டது என்றார்கள். மூன்றாம் முறை, டிராயிங்கின் திருத்த எண்ணும் உறுதித் தாளில் உள்ள எண்ணும் ஒத்துவரவில்லை என்றார்கள். மூன்று முறையும் புஷ்ஷில் குறையே இல்லை. மூன்று குறிப்புகளும் நியாயமானவைதாம். மூன்றாவது குறிப்பின் அருமை மேலே சொன்ன சுவிட்சின் கதையை அறிந்தவர்க்கு விளங்கும். ஆனால் மூன்றையும் முதல் முறையே சொல்லியிருக்கலாகாதா? டூலிங்குக்குச் செலவிட்ட பணம் ஒப்புதல் வரும்வரை கைக்கு வராது. அந்த மாதங்களில் பட்டறையில் ஓவர்டைம் இல்லை. வீட்டில் செலவும் குறையவில்லை.

நான்காம் முறை அனுப்புமுன் பட்டறை முதலாளி என் தந்தையாரிடம், “உங்க பிள்ளை காலேஜ்ல இந்தக் கணக்குத்தானே படிக்குது; ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்க” என்று கோப்பைக் கொடுத்தனுப்பினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவர்களில் நானே முதல். அந்தக் கோப்பைப் புரட்டியபோது எனக்கு வியப்பளித்தது ஒன்றே. புஷ் செய்த அப்பாவின் பெயர் அதில் ஆபரேட்டர் என்ற இடத்தில் இருந்தது. கையொப்பமும் இருந்தது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு ஒருவரும் படித்துக் காட்டியதில்லை.

பொய்த் தாளின் தீமை

பல சிறு பட்டறைகளில் இந்த ஆவணங்களை எழுதுவோர் வெளியிலிருந்து வரும் ஆலோசகர்கள். அவர்களுள் நல்லவர் உண்டு. பட்டறையில் நின்று பார்த்து எழுதுவோர் உண்டு. ஆனால் வேறொரு பட்டறைக்காக எழுதியதைக் கணினியில் திறந்து, பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றிக் கொடுப்போரும் உண்டு. அப்படி வந்த பழுதுப் பட்டியலில் அங்கே இல்லாத எந்திரத்தின் பழுதெல்லாம் இருக்கும். இருக்கின்ற எந்திரத்தில் சக்கின் தாடையில் பிசிர் சிக்கி வேலைப்பாடு கோணலாகப் பிடிபடுவது மட்டும் இராது. அதை அறிந்தவர் லேத்தின் முன் நிற்பவரே. அவரை யாரும் கேட்கவில்லை.

பொய்த் தாள் தாளின்மையைவிடக் கொடியது. தாளில்லையென்றால் எச்சரிக்கையாக இருப்போம். பொய்த் தாள் நம்மைத் தூங்க வைக்கும். தர ஒழுக்கத்திற்குப் பெயர் பெற்ற ஜப்பானிலேயே 2017-இல் கோபே ஸ்டீல் நிறுவனம் தன் அலுமினிய, செம்புப் பொருள்களின் சோதனை விவரங்களைத் திருத்தி எழுதியதாக ஒப்புக்கொண்டது. அவற்றை வாங்கிய நிறுவனங்கள் 500-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் கார் நிறுவனங்களும் உண்டு. அங்கே படிவம் இருந்தது, முத்திரை இருந்தது, கையொப்பம் இருந்தது. உண்மை மட்டும் இல்லை.

இதைக் கேட்டு ஜப்பானியரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகலாமா? விடையை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற ரீடிங்கைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதும் வழக்கம் கல்லூரிச் சோதனைச்சாலைகளில் அறவே இல்லை என்று எவரும் துணிந்து சொல்ல மாட்டார். ரெக்கார்டு நோட்டில் பிறக்கும் அந்தப் பழக்கம் பிறகு தொழிற்சாலையின் கோப்பில்தான் குடியேறும். பத்துப் பாகங்களை மூன்று பேர் மும்முறை அளந்து தொண்ணூறு அளவீடுகள் எடுத்து, கருவியாலும் ஆளாலும் வரும் வேறுபாடு பத்து விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு தேவை. தொண்ணூறையும் உண்மையில் அளப்பதற்கு அரை நாள் ஆகும். நாற்காலியில் அமர்ந்து எழுதிவிடப் பத்து நிமிடம் போதும். எதைச் செய்வது என்பதை அந்த நேரத்தில் முடிவு செய்வது எந்தத் தணிக்கையாளரும் அல்லர், நம் மனச்சாட்சியே.

தாய்மொழியில் தரம்

“அப்படியானால் ஆபரேட்டருக்கு ஆங்கிலம் கற்றுக் கொடு” என்பர் சிலர். நாற்பது ஆண்டு லேத்தில் நின்றவருக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுப்பது எளிதா, நான்கு பக்கத்தைத் தமிழில் எழுதுவது எளிதா?

தமிழில் எழுதினால் வாடிக்கையாளர் ஏற்கமாட்டார் என்ற அச்சம் பரவலாக இருக்கின்றது. அது வெறும் அச்சமே. மோட்டார்த் தொழிலுக்கான உலகத் தர விதியாகிய ஐ.ஏ.டி.எஃப். 16949, 2016-இல் வெளியானது. அதில் 8.5.1.2 என்னும் பிரிவு, வேலை முறையைச் சொல்லும் ஆவணங்கள் அதைப் பின்பற்ற வேண்டியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும், வேலை செய்யும் இடத்திலேயே கிடைக்க வேண்டும் என்றும் தெளிவாகக் கூறுகிறது. ஆகவே தமிழில் எழுதுவது சலுகையன்று. விதி கேட்கும் கடமை! வாடிக்கையாளருக்கு அனுப்பும் பிரதி ஆங்கிலத்தில் இருக்கட்டும். எந்திரத்தின் தலைக்கு மேல் தொங்கும் பிரதி தமிழில் இருக்கட்டும். வடமாநிலத் தோழர்கள் பணிபுரியும் இடங்களில் இந்தியிலோ ஒடியாவிலோ இருக்கட்டும்.

செந்தமிழாக்கம் வேண்டியதில்லை. டூலை டூல் என்றும் கேஜைக் கேஜ் என்றுமே எழுதலாம். “ஐம்பது பீஸுக்கு ஒரு முறை விட்டத்தை மைக்ரோமீட்டரில் பார், 12.010-ஐத் தாண்டினால் ஆஃப்செட் கொடு, 12.030-ஐத் தாண்டினால் எந்திரத்தை நிறுத்து, முன் செய்த ஐம்பதையும் தனியே வை, சூப்பர்வைசரைக் கூப்பிடு” என்ற மூன்று வரி போதும். பத்துப் பக்க ஆங்கிலத்தைவிட இந்த மூன்று வரிகள் வாடிக்கையாளரைக் காக்கும்.

செய்ய வேண்டியவை

என் கோரிக்கைகள் மூன்று.

பெரிய நிறுவனங்களுக்கு: தனித் தேவைகளின் முழுப் பட்டியலையும் ஆர்டரோடு ஒரே தாளில் கொடுங்கள். மாதிரி வந்தபின் ஒவ்வொன்றாகச் சொல்லாதீர்கள். கோப்பைத் திருப்பும்போது எல்லாக் குறைகளையும் ஒரே முறையில் சொல்லுங்கள். பொதுக் கையேடு பிறந்ததே ஆளுக்கொரு படிவம் என்ற தொல்லையை ஒழிக்கத்தான் என்பதை மறவாதீர்கள்.

பட்டறை நடத்துவோருக்கு: ஆலோசகர் எழுதட்டும், ஆனால் லேத்தில் நிற்பவரை அருகில் அமர்த்திக்கொண்டு எழுதட்டும். “உனக்கு எங்கே பயம்?” என்று அவரைக் கேளுங்கள். அவர் சொல்வதே பழுதுப் பட்டியல். கையொப்பம் வாங்குமுன் படித்துக் காட்டுங்கள். நம்மால் இது ஆகுமா என்ற தயக்கம் வேண்டாம். நம் சென்னைப் பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனங்களுள் அதுவே முதல். அந்தத் தரத்தை எட்டியவையும் இதே மண்ணின் கைகள்தாம்.

நமக்கு: பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். புள்ளியியல் பாடத்தில் இயல்நிலைப் பரவலையும் திட்ட விலக்கத்தையும் கற்பிக்கும்போது, நூலில் உள்ள கணக்குகளோடு ஒரு பட்டறையின் நூறு அளவீடுகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். விடுமுறையில் பத்து மாணவர்களை ஒரு தொழிற்பேட்டைக்கு அனுப்பி வையுங்கள். அவர்கள் தொண்ணூறு அளவீடுகளை உண்மையாக எடுக்கட்டும். கண்ட்ரோல் பிளானைத் தமிழில் எழுதித் தரட்டும். பட்டறைக்கு ஒப்புதல் விரைவில் கிடைக்கும். மாணவர்களுக்கோ பாடம் மனத்தில் பதியும். அரசு கலைக் கல்லூரியில் பயிலும் நம்மில் எத்தனை பேர் இத்தகைய பட்டறைகளிலிருந்து வரும் கூலியில் படிக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால், இதைச் சேவை என்று சொல்லவும் மனம் வராது; கடன் என்றே சொல்ல வேண்டும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிகள் என்று நம்மை அழைக்கிறார்கள். அந்தப் பெயரோடு ஒரு பொறுப்பும் வருகின்றது. நம் வீட்டுப் பெரியவர்கள் இதுவரை படிக்க முடியாமல் கையொப்பமிட்ட தாள்கள் எத்தனையோ. இனி அவர்கள் ஒப்பமிடும் ஒவ்வொரு தாளும் அவர்களுக்குப் புரிந்த தாளாக, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிய தாளாக இருக்க வேண்டும். அதற்கான எழுதுகோல் இப்போது நம் கையில் இருக்கின்றது. எழுதத் தொடங்குவோம், தோழர்களே!